தேவைப்படும்போது மாற்றவும்

ஜூன் 3

தம்பி,

உங்கள் மருத்துவமனையில் நேற்று முற்பகல் ஸ்டெரிலைசர் கதவின் ரப்பர் கேஸ்கெட் விட்டுப்போய், நீராவி பீறிட்டு, அறையில் இருந்த பெண் ஊழியர் ஒருவருக்குத் தீக்காயம் ஏற்பட்டிருக்கிறது. உங்கள் நிர்வாக அலுவலகம் எங்கள் சர்வீஸ் பிரிவுக்கு இன்று காலை அனுப்பிய மின்னஞ்சல் இதைச் சொல்கிறது. பொறுப்பு டெக்னீஷியன் விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறார் என்பதும் அதில் இருக்கிறது.

டெக்னீஷியன் பெயர் போடவில்லை. ஆனால் உங்கள் மருத்துவமனையில் அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள இருப்பது ஒரே ஆள். அந்த ஆளுக்கு நான் தலை துவட்டி, பவுடர் பூசி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

மின்னஞ்சலை எங்கள் அலுவலக நடைவழியில் நின்றபடி படித்தேன். எதிரே வந்த டிசைன் இன்ஜினியர், "என்னாச்சு மேடம்? மூஞ்சியே சரியில்லையே" என்றார். "என் தம்பி" என்றேன். அவர் என் கையிலிருந்த டீக் கோப்பையை வாங்கி ஜன்னல் ஓரம் வைத்தார். அப்போதுதான் அது என் புடவையில் சிந்திக்கொண்டிருந்தது தெரிந்தது.

போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் கேள்வி கேட்பேன், நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உனக்குக் காயம் உண்டா? அந்தப் பெண் யார், எப்படி இருக்கிறார்? கேஸ்கெட்டைக் கடைசியாக எப்போது மாற்றினாய்?

கடைசிக் கேள்வியை அக்காவாக மட்டும் கேட்கவில்லை. நான் வேலை பார்த்த பத்திரிகை மூடிய பிறகு இந்த நிறுவனத்தில் சேர்ந்து நான் எழுதிய முதல் கையேடு அந்த இயந்திரத்துடையது. அதில் கேஸ்கெட் பற்றித் தெளிவாகத்தான் இருக்கிறது. நீ ஏன் மாற்றவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உன் பதில் வந்தால்தான் மேற்கொண்டு எதையும் யோசிக்க முடியும். இந்த வாரத்துக்குள் எழுது.

அக்கா


ஜூன் 7

அக்கா,

நீ அனுப்பியது கடிதமா, செய்தியா? "தீக்காயம் ஏற்பட்டிருக்கிறது." ஏற்பட்டதை நான் பார்த்தேன். சொல்கிறேன், கேள்.

நான் பக்கத்து பாய்லர் அறையில் இருந்தேன். பெரிய ஜமுக்காளத்தை யாரோ இரண்டு கையாலும் கிழிப்பது போல ஒரு சத்தம். அப்புறம் சீறல். ஓடிப்போய் ஆவி வால்வை மூடினேன். அறைக்குள் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. வெள்ளை கொஞ்சம் கலைந்ததும் தரையில் கண்ணாடியம்மா உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆபரேஷன் கருவிகளைக் கட்டி அடுக்கி மெஷினில் வைத்துக் கிருமி போக்கி எடுப்பவர். சோடாபுட்டிக் கண்ணாடி. என்னைப் பார்த்து, "தம்பி, என் கண்ணாடி எங்கப்பா விழுந்துச்சு? தேடிக் குடு" என்றார். கண்ணாடி அவர் முகத்தில்தான் இருந்தது. ஆவி படிந்து வெளுத்திருந்தது. இடது கையிலும் கழுத்திலும் தோல் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கையேடு தெளிவாக இருக்கிறது என்கிறாய். உன் வாக்கியத்தை உனக்கே எழுதி அனுப்புகிறேன்: "கதவு கேஸ்கெட்டைப் பரிசோதித்து, தேவைப்படும்போது மாற்றவும்." இதை எழுதியது என் அக்கா என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தவன் நான். எல்லோரும் "பரவால்லையே, நமக்குப் புரியற மாதிரி எழுதியிருக்காங்களே" என்பார்கள். எல்லோருக்கும் புரிந்தது. ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்தது.

எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவரை 'பூட்டு' என்போம். நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடமிருந்து ஒரு திருகாணி வாங்குவதற்குள் நாக்கு தள்ளிவிடும். கேஸ்கெட் இறுகிவிட்டது என்று தெரிந்ததும் போனேன்.

"அண்ணே, ஸ்டெரிலைசர் கேஸ்கெட் ஒண்ணு வேணும்."

"பழசு எங்க?"

"மெஷின்ல இருக்கு."

"அப்ப மெஷின்லயே இருக்கட்டும்."

பழையதைக் கொடுத்தால்தான் புதியது. அது எங்கள் ஸ்டோரில் எப்போதிலிருந்தோ இருக்கிற வழக்கம். பல்பு முதல் பம்பு வரை எல்லாவற்றுக்கும். சரி என்று கழற்றினேன். உனக்குத் தெரியும், குக்கர் கேஸ்கெட்டின் பெரியப்பா மாதிரி இருக்கும் அது. தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு போனேன். பூட்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"எங்க கிழிஞ்சிருக்கு, காட்டு?"

"கிழியலண்ணே. இறுகிப்போச்சு."

"இறுகினா நல்லதுதானே, கெட்டியா நிக்கும்."

"விட்டுப்போனா ஆவி வெளிய வரும்ணே."

உடனே மேசை டிராயரிலிருந்து உன் கையேட்டின் நகலை எடுத்து அந்த வரியில் விரலை வைத்தார். "தேவைப்படும்போதுன்னு உங்க அக்காவே போட்டிருக்காங்க. தேவை வரட்டும், நானே தூக்கிட்டு வந்து தரேன். ஒண்ணே ஒண்ணுதான் ஸ்டாக்ல இருக்கு. உனக்கு இப்பக் குடுத்துட்டு நாளைக்கு நிஜமாவே கிழிஞ்சா நான் எங்க போவேன்?"

மதியம் ஆபரேஷன் இருந்தது. கருவிகள் வேண்டும். திரும்பிப் போய் அதையே மாட்டினேன். வேறு என்ன செய்ய?

தேவை வந்துவிட்டது அக்கா. புதிய கேஸ்கெட் இப்போது மெஷினில் இருக்கிறது. விபத்து நடந்த அன்றே பூட்டு தானே தூக்கிக்கொண்டு வந்து தந்தார்.

தம்பி


ஜூன் 11

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்ததும் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் அந்த வாக்கியத்தை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு எங்கள் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். 'தேவைப்படும்போது' என்றால் எப்போது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கீழே இருப்பது அவரவர் வாயால் சொன்னது. நான் எதையும் சேர்க்கவில்லை.

டிசைன் இன்ஜினியர்: "நகத்தால அழுத்திப் பாக்கணும். பள்ளம் விழுந்து திரும்பி வரலைன்னா மாத்திடணும். இது எல்லாருக்கும் தெரியுமே!" எல்லோருக்கும் எப்படித் தெரியும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "எனக்கு என் சீனியர் சொன்னார்" என்றார்.

டெக்னீஷியன்களுக்கு வகுப்பெடுப்பவர்: "வருஷா வருஷம் பராமரிப்புக்கு நிறுத்துவாங்கல்ல? அப்ப."

விற்பனை மேலாளர்: "கஸ்டமர் கூப்பிடறப்ப. கூப்பிடலைன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

மூவரும் நான் கேட்டதற்குச் சிரித்தார்கள். இதுகூடத் தெரியாமலா கையேடு எழுதுகிறாய் என்ற சிரிப்பு. நான்காவதாக எங்கள் சட்டப் பிரிவு வக்கீலம்மாவிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "தேவையா இல்லையான்னு முடிவு பண்றவங்க அவங்க. அப்ப பொறுப்பும் அவங்களோடது. அருமையான வார்த்தை மேடம் அது. எல்லாக் கையேட்டுலயும் அப்படியே போடுங்க."

மக்கள் பேசும் சொல், பாமரனுக்கும் புரியும் சொல் என்று தேடி வைத்தது தம்பி அது. அதை ஒருவர் கவசமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அது இத்தனை நாள் தெரியாது.

இப்போது ஒரு கேள்வி. இதற்கு மட்டும் ஒளிக்காமல் பதில் எழுது. உன் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: "திரும்பிப் போய் அதையே மாட்டினேன்." கழற்றியதையேவா? எத்தனை முறை?

ஏன் கேட்கிறேன் என்றால், இதை இன்ஜினியரிடம் கேட்டேன். சூட்டில் பள்ளத்துக்குள் பதிந்து உட்கார்ந்த ரப்பரை இழுத்துக் கழற்றினால் விளிம்பு நீண்டுவிடுமாம். திரும்ப மாட்டினால் பொருந்தியது போலத்தான் தெரியும். ஆனால் பழைய பிடிமானம் வராது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் இன்னும் மோசமாகும். "யாராவது அப்படிச் செய்வாங்களா மேடம்? மாத்தறதுன்னா புதுசு போடறதுதானே? நான் கனவுலகூட நினைக்கலியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கழற்றிக் காட்டிவிட்டு மாட்டுவார்கள் என்று இந்தக் கட்டடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்தம்மாவின் நிலைமை என்ன என்று எழுது. கழுத்துக் காயம் பற்றி டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

அக்கா


ஜூன் 14

அக்கா,

மூன்று முறை.

முதல் முறை நான் எழுதியது. அடுத்த மாதம் இன்னும் இறுகியிருந்தது, மறுபடி கழற்றிக் கொண்டுபோனேன். மூன்றாவது முறை, விளிம்பில் வெடிப்பு விட ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பூட்டு கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது அழுக்குப்பா" என்று துணியால் துடைத்துக் கொடுத்தார். துடைத்ததும் எனக்கும் அழுக்கு போலத்தான் தெரிந்தது.

அதாவது, மாற்ற வேண்டும் என்று நான் எத்தனை முறை பாடுபட்டேனோ அத்தனை முறை நானே அதைக் கெடுத்திருக்கிறேன். சும்மா இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தம்பி பெண்டாட்டி வந்து, "சாப்பாடு ஆறுதுங்க" என்றாள்.

நேற்று கண்ணாடியம்மாவை வார்டில் பார்த்தேன். கையில் கட்டு, கழுத்தில் கட்டு. கழுத்துக்குத் தோல் ஒட்ட வேண்டும், கை தானே ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

"வாப்பா. வேலை இல்லாதவன் எல்லாம் கரெக்டா விசிட்டிங் நேரத்துக்கு வந்துடறீங்க."

"எப்படிம்மா இருக்கு?"

"எரியுது. வேற எப்படி இருக்கும்? சின்ன வயசுல கண்ணாடி போட்டா மாப்பிள்ளை கிடைக்காதுன்னு கழட்டிக் கழட்டி வெக்கச் சொல்வாங்க. நல்லவேளை, நான் கேக்கல. அன்னிக்கு அதுவும் இல்லைன்னா கண்ணு ரெண்டும் அவிஞ்சிருக்கும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஏன்டா உம்முன்னு இருக்க? நீ வால்வை மூடலைன்னா நான் முழுசா வெந்திருப்பேன். உன்னைப் போய் நிறுத்திவெச்சிருக்கானுங்களே, அறிவு கெட்டவனுங்க" என்றார்.

உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அதில் இருப்பதைச் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை உன்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. விசாரணை செவ்வாய்க்கிழமை.

தம்பி


ஜூன் 19

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர், எங்கள் நிர்வாக அதிகாரி, அப்புறம் அரசாங்கத்தின் பாதுகாப்பு ஆய்வாளர். அழுத்தத்தில் ஓடும் மெஷின்களில் வேலை செய்ய எனக்குச் சான்றிதழ் கொடுக்கும் துறை அவருடையது. பறிப்பதும் அவர்தான். பறித்துவிட்டால் நான் எங்கும் இந்த வேலை பார்க்க முடியாது. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் போலீஸ் கேஸும் உண்டு.

கேள்விகள் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன. ஸ்டோர் வழக்கத்தைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். அப்போது நிர்வாக அதிகாரி உன் நிறுவனம் அனுப்பிய விளக்கத்தை எடுத்து வாசித்தார். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "குறிப்பிட்ட டெக்னீஷியன் கேஸ்கெட்டைக் கழற்றி மீண்டும் பொருத்தியிருப்பதாக அறிகிறோம். இது அவருடைய தனிப்பட்ட, வழக்கத்துக்கு மாறான செயல். வேறு எந்த மருத்துவமனையிலும் இப்படி நடப்பதில்லை."

எங்கள் மருத்துவமனையில் இது எந்தக் காகிதத்திலும் கிடையாது. பூட்டு வாயைத் திறக்கவில்லை. நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன். உனக்கு மட்டும்!

ஆய்வாளர் கேட்டார்: "உண்மையா?" உண்மைதானே, ஆமாம் என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுதினார். பெரிய டாக்டர், "ஏம்ப்பா, அறிவிருக்கா? எடுத்ததையே திரும்ப மாட்டுவியா?" என்றார். நான் என்ன சொல்ல? அதை மாட்டிய அன்று மதியம் ஆபரேஷன் அவருடையதுதான்.

உன்னிடம் அக்காவிடம் சொல்வது போலச் சொன்னேன். நீ அதைக் கொண்டுபோய் எங்கே கொடுத்தாய்? பத்திரிகைக்காரியாக இருந்தபோதுகூடச் சொன்னவன் பெயரைக் காப்பாற்றுவேன் என்று பெருமை பேசுவாயே.

பதில் எழுத வேண்டாம்.

தம்பி


ஜூன் 22

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

நடந்தது இது. இன்ஜினியரிடம் நான் கேட்டது தொழில்நுட்பக் கேள்வி. உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் விபத்துச் செய்தி வந்த அன்று நடைவழியில் "என் தம்பி" என்று அவரிடம்தான் சொல்லியிருந்தேன். அவர் பதறிப்போய், உடனே எல்லோரையும் எச்சரிக்க வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறார். அவர் நல்லதைத்தான் நினைத்தார். அவர் எழுதிய எச்சரிக்கை எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. சட்டப் பிரிவுக்குப் போனது. அங்கிருந்து உன் மேல் பாய்ந்தது.

இதை நான் அறிந்தது உன் கடிதத்தைப் பார்த்துத்தான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக வக்கீலம்மாவிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும், "நானே கூப்பிடலாம்னு இருந்தேன்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். கையேட்டின் ஆசிரியர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கேஸ்கெட் பற்றிய வாக்கியம் போதுமானது, தகுதியுள்ள எந்த டெக்னீஷியனுக்கும் புரியக்கூடியது என்று அதில் இருந்தது.

"இது என் தம்பிக்கு எதிரான காகிதம்" என்றேன்.

"உங்க தம்பின்னு எங்களுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். நீங்களா சொன்னீங்க."

"வேறெங்கயும் இப்படி நடக்கலைன்னு எழுதியிருக்கீங்களே, யாரு விசாரிச்சாங்க?"

"நடந்திருந்தா புகார் வந்திருக்குமே?"

"விசாரிச்சீங்களா, இல்லையா?"

அவர் மேசை மேல் இருந்த குண்டூசிகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்கினார். நான் ஊர்ப்பட்ட அதிகாரிகளிடம் பேட்டி எடுத்தவள். அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் விசாரிக்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ சொன்னது எங்கே போகும் என்று யோசிக்காமல் வாயைத் திறந்தேன். அது நான் செய்த தப்பு, அதற்குச் சமாதானம் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பார். பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்பது உலகத்தில் உங்கள் பூட்டுக்கு மட்டும் தோன்றிய யோசனையா? எங்கள் அலுவலகத்திலேயே பேனா மூடியைக் காட்டினால்தான் ரீபில் தருகிறார்கள். இந்த இயந்திரம் இருக்கிற மற்ற மருத்துவமனைகளின் தொலைபேசி எண்கள் சர்வீஸ் பிரிவில் இருக்கின்றன. நாளையிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடப்போகிறேன். நேரடியாக டெக்னீஷியன்களிடம்.

ஒருவர்கூட 'ஆமாம்' சொல்லாமல் போகலாம். அப்படியானால் அதையும் உனக்கு எழுதுவேன்.

அக்கா


ஜூன் 25

அக்கா,

கோபம் போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஒரு விஷயம் நடந்தது, உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

நேற்று சாயங்காலம் பூட்டு வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தார். உன் தம்பி பெண்டாட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியிலேயே போட்டாள். அதிலும் உட்காரவில்லை.

"அந்த ரூல் நான் போட்டதில்லப்பா. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துச்சு. யாரு போட்டதுன்னு எனக்கே தெரியாது."

"சரிண்ணே."

"நீ திரும்ப அதையேதான் மாட்டறன்னு எனக்குத் தெரியும். புதுசு நான் குடுக்கல, மெஷினும் ஓடுது. வேற எதை மாட்டியிருப்ப? ஆனா தப்புன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"எனக்கும் தெரியாதேண்ணே."

"அன்னிக்கு விசாரணைல நான் பேசாம இருந்துட்டேன். நாக்கு ஒட்டிக்கிச்சு. இன்னிக்குக் காலைல ஆய்வாளர்கிட்ட போயி, மூணு தடவையும் நாந்தான் திருப்பி அனுப்பினேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அவரும் நின்றார், நானும் நின்றேன். கடைசியில் "நாற்காலிய உள்ள எடுத்து வை, மழை வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆய்வாளர் இன்று என்னைக் கூப்பிட்டார். பூட்டு எழுதிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டாராம். "உங்க ஸ்டோர் கதை எனக்குப் புரியுது. ஆனா கம்பெனி, வேற எங்கயும் இப்படி இல்லைங்கறாங்க. இல்லைன்னா இது உங்க ரெண்டு பேரோட தப்புதான். வேற இடத்துலயும் இருக்குன்னா, அது வேற விஷயம். திங்கக்கிழமை முடிவு எழுதறேன். அதுக்குள்ள ஏதாவது வந்தா பாக்கறேன்" என்றார்.

அக்கா, வேறு இடங்களிலும் நடக்கிறது என்று தெரிந்தால் நான் பிழைப்பேன். அப்படித் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்புறம் கண்ணாடியம்மாவின் கழுத்து ஞாபகம் வருகிறது. ஆசைப்படவே பயமாக இருக்கிறது.

கூப்பிட்டாயா?

தம்பி


ஜூன் 27

தம்பி,

இன்று மதியம்வரை எட்டு மருத்துவமனைகளின் டெக்னீஷியன்களோடு பேசிவிட்டேன். ஐந்து இடங்களில் பழைய கேஸ்கெட்டைக் கழற்றி ஸ்டோரில் காட்ட வேண்டியிருக்கிறது, சரியில்லை என்று ஸ்டோர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதையே திரும்ப மாட்டுகிறார்கள். இது அந்த ஐந்து பேரும் தங்கள் வாயால் சொன்னது. நால்வர் அதை எழுத்திலும் அனுப்பிவிட்டார்கள். ஐந்தாமவர் தன் பெயர் வேண்டாம் என்றார், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நான்கையும், கையேட்டை எழுதியவள் என்ற முறையில் என்னுடைய விளக்கத்தையும் ஆய்வாளருக்கு அனுப்பினேன். அந்த வாக்கியம் போதாது என்றும், போதாது என்பதை எங்கள் அலுவலகத்திலேயே நான்கு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். கிடைத்தது என்று அவர் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. திங்கட்கிழமை முடிவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள்.

உனக்கு நல்ல செய்தி இது. எனக்குச் சந்தோஷமாக இல்லை. முதல் டெக்னீஷியன், "ஆமா மேடம், எல்லா இடத்துலயும் அப்படித்தானே?" என்று சாதாரணமாகச் சொன்னார். ஒருவர், "எங்க ஸ்டோர்காரங்கள மெஷின்கிட்ட வந்து பாக்கச் சொன்னா லிப்ட் வேலை செய்யலம்பாங்க" என்று சிரித்தார். இன்னொருவர் இளைஞர். எத்தனை முறை கழற்றி மாட்டினீர்கள் என்று கேட்டதற்கு, "எண்ணல மேடம், அது பாட்டுக்கு நல்லா ஓடுது" என்றார். மாட்டக் கூடாது என்று சொன்னேன். "அது புக்குல இல்லையே?" என்றார்.

இந்த இயந்திரம் இருக்கிற எல்லா மருத்துவமனைகளுக்கும் இன்றே எச்சரிக்கை அனுப்பச் சொல்லி எங்கள் நிர்வாகத்துக்கு எழுதினேன். இன்ஜினியரும் கையெழுத்துப் போட்டார். "திருத்தப்பட்ட வாசகம் உரிய நேரத்தில் அனுப்பப்படும்" என்று பதில் வந்திருக்கிறது. உரிய நேரம் என்றால் எந்த நேரம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அதற்கு இதுவரை பதில் இல்லை. நான் செய்ததற்கு விளக்கம் கேட்டு எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவர்கள் அனுப்பும்வரை நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இதை எழுத ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பு ஒன்பதாவது மருத்துவமனை கிடைத்தது. போனை எடுத்தவர் வயதான டெக்னீஷியன், பொறுமையாகப் பேசினார். கேஸ்கெட் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கொஞ்சம் இறுகியிருக்குங்க. காலைலதான் கழட்டினோம். என் ஆளு ஸ்டோருக்கு எடுத்துட்டுப் போயிருக்கான்."

"புதுசு குடுப்பாங்களா?"

"சந்தேகந்தான். போன தடவையும் குடுக்கல."

"குடுக்கலைன்னா திரும்ப மாட்டாதீங்க. தயவுசெஞ்சு மாட்டாதீங்க. ஒரு அம்மாவுக்கு கழுத்து வெந்துபோச்சு."

"நீங்க யாருங்க சொல்றது?" என்றார்.

"அந்தக் கையேட்டை எழுதினவ."

"மூணு மணிக்கு ஆபரேஷன் இருக்குங்களே. ரெண்டரைக்குள்ள நான் மெஷினைப் போட்டாகணும்."

"ஸ்டோர்காரர்கிட்ட என்னைப் பேச விடுங்க."

அவரோ, நானே ஸ்டோருக்குப் போய்ப் பார்க்கிறேன், புதியது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இரண்டு மணிக்கு உங்களைக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் உடனே அந்த மருத்துவமனையின் பொது எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

உன் முடிவு திங்கட்கிழமை. அந்த அம்மாவுக்குத் தோல் ஒட்டும் தேதி நீ எழுதினால்தான் தெரியும். அந்த வயதான டெக்னீஷியனுடைய போன், இரண்டு மணிக்கு. இப்போது ஒன்று ஐம்பது.

அக்கா